டிரெய்லரில் லித்தியம்: பழையதைக் கழற்றிவிட்டு அப்படியே மாட்டினால் போதுமா?

நெடுவழி (ஸ்கார்பரோ) · செப்டம்பர் 21

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான். இது என் முதல் கேள்வி.

எங்களிடம் 2016-ஆம் ஆண்டு டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற முகாம் வீடு) ஒன்று இருக்கிறது, 21 அடி. முன்பக்கம், கொக்கிக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் இரண்டு ஈய பேட்டரிகள் இருந்தன. போன கோடையில் இரண்டும் செத்துவிட்டன. இப்போது 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டும் 2000 வாட் இன்வர்ட்டர் ஒன்றும் வாங்கிவிட்டேன். கூரையில் பழைய 200 வாட் சோலார் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டேன். "பழையதைக் கழற்றுங்கள், புதியதை மாட்டுங்கள், அவ்வளவுதான்" என்றார்.

அக்டோபர் கடைசியில் அல்கோன்குவின் பூங்காவில் மியூ லேக் முகாமுக்குப் போகிறோம். மின்சாரம் உள்ள இடங்கள் எல்லாம் போய்விட்டன, கிடைத்தது மின்சாரம் இல்லாத இடம். மூன்று இரவு. அம்மாவும் வருகிறார். ரைஸ் குக்கரும் மிக்சியும் இல்லாமல் அவர் காடு மேடு ஏறமாட்டார்.

கேள்வி இதுதான்: கடைக்காரர் சொன்னது சரியா? படுக்கைக்குக் கீழே வைத்தால் ஆபத்தா? மனைவி, "இது தீப்பிடிக்கிற சாமான்தானே?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய இரும்பு (கால்கரி) · செப்டம்பர் 21

தம்பி, உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். போன் வெடிக்கிறது, ஸ்கூட்டர் எரிகிறது, விமானத்தில் பெட்டிக்குள் போட விடமாட்டேன் என்கிறார்கள். அதைக் கொண்டுபோய்ப் படுக்கைக்கு அடியில் வைத்து மேலே பிள்ளைகளைத் தூங்க வைப்பதா? நான் 19 வருடமாக ஈய பேட்டரியோடுதான் ராக்கீஸ் முழுக்கச் சுற்றுகிறேன். மாதம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர். வேறு ஒரு தொல்லையும் இல்லை.

மின்கம்பி (பிராம்ப்டன்) · செப்டம்பர் 22

நான் தொழிலால் எலக்ட்ரீஷியன். டிரெய்லர் வேலையும் செய்கிறேன், சொந்தமாக ஒன்று வைத்தும் இருக்கிறேன்.

இரும்பு அண்ணன் சொல்கிற லித்தியம் வேறு, நெடுவழி வாங்கியது வேறு. போனிலும் பல ஸ்கூட்டர்களிலும் இருப்பது கோபால்ட்டோ நிக்கலோ கலந்த வகை. டிரெய்லருக்கு என்று விற்கிற 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. ஃபாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருக்கும், சூடானாலும் எளிதில் விட்டுக்கொடுக்காது. நிக்கல் வகை ஏறக்குறைய 210 டிகிரியில் கட்டுக்கடங்காமல் சூடேறத் தொடங்கும் என்றால், இது ஏறக்குறைய 270 வரை தாங்கும். எரியவே எரியாது என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியதுதான். செல் கெட்டால் வெளிவரும் வாயுவும் எரியும். ஆனால் தானாகத் தீப்பிடிப்பது அரிது. பெட்டியைப் பாருங்கள், எல்எஃப்பி என்றோ 12.8 வோல்ட் என்றோ போட்டிருக்கும். நான்கு செல், ஒவ்வொன்றும் 3.2.

நான் பார்த்த டிரெய்லர் கோளாறுகளில் பேட்டரி குற்றவாளி இல்லை. கம்பி, ஃபியூஸ், நட்டு. எல்லாம் மனிதன் கைவைத்த இடங்கள். அதனால்தான் அந்தக் கடைக்காரரின் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வடிவமும் அளவும் பொருந்துகிறது என்பதால் எல்லாமே பொருந்துகிறது என்று ஆகாது.

உங்களுக்கு முதல் பிரச்சினை தீ இல்லை, குளிர். எல்எஃப்பி பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. மைனஸ் 20 வரை அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், பெரும்பாலானவை தரும். ஆனால் உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் அயனிகள் செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட் தகட்டுக்குள் நுழைய நேரம் போதாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது பெரும்பாலும் திரும்ப வராது. கொள்ளளவு குறையும். நாளடைவில் ஊசிபோல வளர்ந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு. இதில் கெட்ட விஷயம், அன்றைக்கு ஒன்றுமே நடக்காது. பேட்டரி வழக்கம்போல இருக்கும்.

மியூ லேக்கில் அக்டோபர் கடைசியில் விடிகாலை மைனஸ் 5 சாதாரணம். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். எட்டரை மணிக்குக் கூரையில் வெயில் விழும். சோலார் உங்களைக் கேட்காமல் சார்ஜ் ஏற்றத் தொடங்கும். அப்போது பேட்டரி வெளியே கொக்கிப் பக்கம் இருந்தால் கதை முடிந்தது.

ஆகவே உங்கள் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் மின்னணுப் பலகை) குளிரில் சார்ஜை நிறுத்துமா என்று பாருங்கள். விவரத்தாளில் "சார்ஜ் வெப்பநிலை 0 முதல் 45" என்று அச்சிட்டிருப்பது வேறு, அந்த அளவில் தானாகத் துண்டிப்பது வேறு. முதலாவது அறிவுரை, இரண்டாவதுதான் பாதுகாப்பு. விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தோசைக்கல் (ஆஸ்டின்) · செப்டம்பர் 22

கொஞ்சம் வழி விலகிப் பேசுகிறேன், மன்னிக்கவும். எல்எஃப்பி பிறந்தது எங்கள் ஊரில்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் 1997-இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அதற்கும் முன்னால், 1980-களின் பிற்பாதியில், வெறும் ஆக்சைடுக்குப் பதிலாக சல்ஃபேட் போன்ற கூட்டு அயனிகளைப் பயன்படுத்தலாம் என்று குடினஃபோடு சேர்ந்து காட்டியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஃபாஸ்பேட் வந்தது அந்த வழியில்தான். 2019-இல் நோபல் பரிசு பெற்றபோது குடினஃபுக்கு 97 வயது. ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை வாசித்தவரும் மந்திரம்தான்.

ஆகவே நெடுவழி, அம்மாவிடம் "இது நம்ம ஊர்க்காரர் கை பட்ட பேட்டரி" என்று சொல்லுங்கள். மனைவி சமாதானம் ஆவாரா என்பது வேறு விஷயம்.

சில்லறை (ஹூஸ்டன்) · செப்டம்பர் 23

எல்லோரும் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? பேட்டரிக்குள் பிஎம்எஸ் இருக்கிறது. ஷார்ட் ஆனால் அதுவே துண்டித்துவிடும். நான் ஒரு ஃபியூஸும் போடாமல் இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். ஃபியூஸ், பஸ்பார் (கம்பிகளைச் சேர்க்கும் செம்புப் பட்டை) என்று பட்டியல் போட்டால் பேட்டரி விலையைவிட அதிகமாகிவிடும்.

மின்கம்பி (பிராம்ப்டன்) · செப்டம்பர் 23

சில்லறை தம்பி, இன்றைக்குக் கோபித்தாலும் பரவாயில்லை, ஃபியூஸ் போடுங்கள்.

பிஎம்எஸ்ஸுக்குள் சுவிட்சாக இருப்பவை மாஸ்ஃபெட் என்னும் சில்லுகள். அவை கெடும்போது பெரும்பாலும் திறந்த நிலையில் கெடுவதில்லை, மின்சாரம் பாயும்படி மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டு கெடும். அதாவது எந்த நேரத்தில் துண்டிக்க வேண்டுமோ அந்த நேரத்தில் துண்டிக்காது. அதோடு பிஎம்எஸ் காப்பது செல்லைத்தான். உங்கள் கம்பி எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது.

இனி கணக்கு. 2000 வாட் இன்வர்ட்டர் முழு சுமையில் ஓடும்போது, இழப்பையும் சேர்த்தால் 12.8 வோல்ட்டில் ஏறக்குறைய 180 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் அடுப்புக்குப் போகும் கம்பியில்கூட 40, 50 ஆம்பியர்தான். இதற்கு 2/0 தடிமன் செம்புக் கேபிள் வேண்டும், குட்டையாக இருக்க வேண்டும், 250 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும்.

எந்த ஃபியூஸ் என்பதுதான் முக்கியம். லித்தியத்துக்கு உள்மின்தடை மிகக் குறைவு. கம்பி உரசி ஷார்ட் ஆனால் ஒரு நொடிக்குள் பல ஆயிரம் ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸுக்குள் உலோகம் உருகினாலும் இடைவெளியில் தீப்பொறி வளைந்து நின்று மின்சாரத்தைத் தொடர்ந்து கடத்தும். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் 20,000 ஆம்பியர் வரை அறுத்து நிறுத்தும். உள்ளே மணல் இருக்கும், அது பொறியை விழுங்கிவிடும். விலை கூடுதல்தான். படகுக்காரர்களின் விதி, ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. டிரெய்லருக்கும் அதையே நான் பின்பற்றுகிறேன். ஃபியூஸுக்கு முந்தைய கம்பியைக் காப்பாற்ற யாருமே இல்லை, அது நீளமாக நீளமாக ஆபத்து.

இரண்டு பேட்டரிகளை இணையாக மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழு சார்ஜ் ஏற்றுங்கள். பாசிட்டிவை ஒரு பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை மற்றதிலிருந்தும் எடுங்கள். ஒரே பேட்டரியிலிருந்து இரண்டையும் எடுத்தால் முன்னால் நிற்கிற மாடு மட்டும் வண்டி இழுக்கும். அந்த மாடு களைத்து 100 ஆம்பியர் எல்லையில் துண்டித்துக்கொண்டால், மொத்தப் பாரமும் மற்றதன் தலையில் விழும், அதுவும் துண்டிக்கும். நடுராத்திரி இருட்டு.

கங்காரு மச்சான் (மெல்பர்ன்) · செப்டம்பர் 24

படுக்கைக்குக் கீழே என்றவுடன் எட்டிப் பார்த்தேன். இங்கே கரவன் என்போம். 2022-இல் வெளியான ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 என்ற ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரவிதியில் லித்தியத்துக்குத் தனிப் பகுதியே வந்துவிட்டது. ஆட்கள் புழங்கும் இடத்தோடு பேட்டரி காற்றைப் பகிரக்கூடாது. உள்ளே வைத்தால் மூடிய பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டி வெளிப்புறத்துக்கு மட்டும் மூச்சுவிட வேண்டும்.

முதலில் எல்லோரும் திட்டினோம். எத்தனையோ வருடமாகக் கட்டிலுக்குக் கீழே சும்மா வைத்திருந்தவர்கள்தானே. பிறகு யோசித்துப் பார்த்தால் காரணம் சரி. செல் கெட்டால் முதலில் வருவது தீயல்ல, வாயு. ஹைட்ரஜன் இருக்கும், நச்சும் இருக்கும். 21 அடி டிரெய்லர் என்பது ஒரு டப்பா. அதற்குள் நிறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெடுவழி (ஸ்கார்பரோ) · செப்டம்பர் 24

இப்போது சரியாகக் குழம்பிவிட்டேன். மின்கம்பி அண்ணை, வெளியே வைத்தால் குளிரில் கெடும் என்கிறீர்கள். மெல்பர்ன் அண்ணை, உள்ளே வைக்காதே என்கிறீர்கள். டிரெய்லருக்கு உள்ளும் வெளியும் தவிர மூன்றாவது இடம் இல்லையே!

(பேட்டரி எல்எஃப்பிதான், பார்த்துவிட்டேன். குளிர்த் துண்டிப்பு பற்றிக் கடைக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன்.)

பாலைவனம் (அரிசோனா) · செப்டம்பர் 25

எங்களுக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. ஓய்வுபெற்ற பிறகு நானும் வீட்டுக்காரியும் குளிர்காலம் முழுவதும் குவார்ட்சைட்டில்தான். லா போசாவில் அரசு நிலம், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டினால் தங்கலாம், டிரெய்லர் நிற்கும் இடத்தில் மின்சார இணைப்பும் இல்லை, தண்ணீர் இணைப்பும் கிடையாது. குளிர்காலம் சொர்க்கம். கோடையில் டிரெய்லரைப் பூட்டி வைத்துவிட்டுப் போனால் அறைக்குள் 60 டிகிரியைத் தொடும். குளிர் சார்ஜைக் கெடுக்கும், சூடு ஆயுளையே தின்னும். முழு சார்ஜோடு சூட்டில் விட்டுவிடுவதுதான் மிக மோசம். நான் 50, 60 விழுக்காட்டில் நிறுத்தி, முனைகளைக் கழற்றி, பேட்டரியை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். 12 கிலோதான், ஈயம் மாதிரி இடுப்பு ஒடியாது.

நெடுவழிக்கு யாரும் சொல்லாத இரண்டு விஷயங்கள்.

ஒன்று, எடை. முன்னால் இருந்த ஈயம் இரண்டும் சேர்ந்து 55 கிலோ இருக்கும். அதை எடுத்துவிட்டு, லித்தியத்தைப் பின்பக்கப் படுக்கைக்குக் கீழே வைத்தால் கொக்கியின் மேல் இறங்கும் பாரம் குறையும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் லாரி கடக்கும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஒருமுறை ஆடிப் பார்த்தேன், கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. தண்ணீர்த் தொட்டியும் நிரம்பிய நிலையில் எடை போட்டுப் பாருங்கள்.

இரண்டு, பாம்பு தன் வாலைத் தானே தின்னும் கதை. டிரெய்லரின் மின்வடத்தை இன்வர்ட்டரில் செருகினால் எல்லாப் பிளக்கிலும் மின்சாரம் வரும், சுகம். ஆனால் அதே வழியில் உள்ளே இருக்கும் சார்ஜரும் விழித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து எடுத்த மின்சாரத்தை வைத்துப் பேட்டரியையே சார்ஜ் செய்யும். முதல் இரவு, காலையில் எழுந்து பார்த்தேன், பாதி காலி. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் சார்ஜரின் பிரேக்கரை இறக்கி வைக்க வேண்டும். ஃபிரிட்ஜையும் தானாக மின்சாரத்துக்கு மாறவிடாமல் கேஸிலேயே நிறுத்துங்கள். அது 300 வாட்டுக்கு மேல் குடிக்கும்.

மின்கம்பி (பிராம்ப்டன்) · செப்டம்பர் 26

நெடுவழி, மூன்றாவது இடம் உண்டு. உள்ளே, ஆனால் அறையோடு சேராமல். முன்பக்கப் படுக்கைக்குக் கீழே ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி செய்யுங்கள். மூடிக்கு ரப்பர் பட்டி. தரையில் துளை போட்டு 2 அங்குலக் குழாய் ஒன்று வெளியே. முன்பக்கம் என்பதால் பாலைவனம் ஐயா சொன்ன எடைப் பிரச்சினையும் பாதி தீரும். வட அமெரிக்காவில் எல்எஃப்பிக்கு இப்படிச் செய்தே ஆக வேண்டும் என்று யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை. ஆனாலும் மெல்பர்ன்காரர்கள் சரி என்றே நினைக்கிறேன். என் டிரெய்லரிலும் இந்தக் குளிர்காலம் அப்படி மாற்றப்போகிறேன்.

கேஸ் சிலிண்டர் இருக்கும் பெட்டிக்குள் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். புரொப்பேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழே தேங்கும். பக்கத்தில் ஒரு தீப்பொறி போதும்.

பழைய சோலார் கன்ட்ரோலரை மாற்றிவிடுங்கள். ஈயத்துக்காக அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் வழக்கம் அதற்கு இருக்கும். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.4 போதும். பேட்டரியின் வெப்பத்தைப் பார்த்து சார்ஜை நிறுத்தும் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர் வாங்குங்கள். விக்ட்ரான் கம்பெனியின் கன்ட்ரோலரில் அப்படி ஓர் அமைப்பு உண்டு, தனி சென்சார் ஒட்டினால் 5 டிகிரியிலேயே நின்றுவிடும். பிஎம்எஸ் மறந்தாலும் இது மறக்காது. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு சோலார். கழற்றும்போது நேர்மாறு.

டிரெய்லரின் பழைய சார்ஜர் 13.6 வோல்ட் தரும். ஆபத்தில்லை. மெதுவாக ஏறும், கடைசிப் பகுதி ஏறாது, அதனால் செல்கள் ஒன்றுக்கொன்று சமமாகாது. அடுத்த வருடம் மாற்றலாம்.

இழுக்கும் வண்டியிலிருந்து வரும் சார்ஜ் கம்பியைப் பற்றி. பசித்த லித்தியம் ஆல்டர்னேட்டரிடம் "போதும்" என்றே சொல்லாது. வண்டி நின்றபடி ஓடும்போது ஆல்டர்னேட்டருக்குக் காற்றும் போதாது, வெந்துவிடும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று இருந்தால் அளவோடு எடுக்கும். ஆனால் 30 ஆம்பியர் சார்ஜர் உள்ளே 35, 40 இழுக்கும். வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முனைப் பிளக்கில் வரும் மெல்லிய கம்பி அதைத் தாங்காது. மூன்று இரவுக்கு இது தேவையே இல்லை, அந்தக் கம்பியைக் கழற்றித் தனியாகக் கட்டிவிடுங்கள்.

மூன்று இரவுக்குப் போதுமா? ஹீட்டர் விசிறி இரவில் 35 ஆம்பியர்-மணி, விளக்கும் பம்பும் 15, அம்மாவின் ரைஸ் குக்கர் ஒருமுறைக்கு 25. மிக்சி ஒன்றுமே இல்லை, அரைப்பது மூன்று நிமிடம். நாளைக்கு 75, 80. அக்டோபர் வெயிலில் 200 வாட் தட்டையாகப் படுத்திருந்தால் 25 திரும்பக் கிடைத்தாலே பெரிது. மூன்று இரவு தாங்கும், நான்காவது இரவு கேட்காதீர்கள். வோல்ட்டை வைத்து எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். 90 விழுக்காட்டிலும் 13.3 காட்டும், 40-இலும் 13.1 காட்டும். பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் ஒன்று வாங்குங்கள்.

பழைய இரும்பு (கால்கரி) · செப்டம்பர் 27

நான் லித்தியத்துக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டு ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பிரேக்கை மறந்துவிட்டீர்கள்!

டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றால் ஒரு சின்ன வடம் இழுபட்டு, பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். அதற்கு மின்சாரம் டிரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்துதான் வரும். அமெரிக்க வணிக வண்டிகளின் விதியில் 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் பேட்டரியை உள்ளே நகர்த்தும்போது, எல்லாவற்றையும் பேட்டரியை மொத்தமாக அணைக்கும் பெரிய சுவிட்சுக்குப் பின்னால் கட்டிவிட்டு, பயணத்தில் சுவிட்சை அணைத்து வைத்தால்? பிஎம்எஸ் ஏதோ காரணத்துக்காகத் துண்டித்துக்கொண்டிருந்தால்? ஈயத்துக்கு இந்த மூளையெல்லாம் இல்லை, சாகும்வரை கொடுக்கும்.

பிரேக் வடத்தின் கம்பி சுவிட்சுக்கு முன்னால், தனி ஃபியூஸோடு. கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்த வடத்தின் முனையில் இருக்கும் பின்னை (pin) இழுத்து, டிரெய்லரை ஓர் அடி நகர்த்திப் பாருங்கள். சக்கரம் பூட்ட வேண்டும்.

மின்கம்பி (பிராம்ப்டன்) · செப்டம்பர் 27

இரும்பு அண்ணா, தலை வணங்குகிறேன். சொல்ல மறந்தது என் தவறு. ஒன்டாரியோவில் 1360 கிலோவிலிருந்து டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம், நெடுவழியுடையது நிச்சயம் அதற்கு மேல்.

நெடுவழி (ஸ்கார்பரோ) · அக்டோபர் 13

இரண்டு வாரமாகச் சனி ஞாயிறு எல்லாம் டிரெய்லருக்குக் கீழேதான். பெட்டி, குழாய், கிளாஸ் டி, ஷண்ட், புதிய கன்ட்ரோலர் எல்லாம் போட்டாயிற்று. கடையிலிருந்து பதில் வந்தது: குளிர்த் துண்டிப்பு இல்லை. கடைக்காரரை என்ன சொல்வது, அவர் பெட்டி விற்கிறவர். கன்ட்ரோலரின் சென்சார்தான் இனிக் காவல்.

நேற்று வீட்டு வாசலிலேயே சோதித்தேன். கெட்டில் போட்டேன், 1500 வாட். பத்து நிமிடத்தில் ஒரு மணம். எரிந்த மணமில்லை, புதுப் பிளாஸ்டிக் பொம்மையை வெயிலில் வைத்தால் வருமே, அந்த மணம். இன்வர்ட்டர் சாதாரணமாக ஓடுகிறது. ஃபியூஸும் போகவில்லை. மீட்டரில் 138 ஆம்பியர், எல்லாம் எல்லைக்குள். பெட்டியைத் திறந்து துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியைப் பிடித்தேன். ஒரு முனை 31 டிகிரி. மற்றது 94!

உடனே எல்லாவற்றையும் அணைத்தேன். கைநடுக்கத்தோடு எழுதுகிறேன். மனைவி வாசலில் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பேட்டரி கெட்டதா?

மின்கம்பி (பிராம்ப்டன்) · அக்டோபர் 13

பேட்டரி கெடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த முனையின் படம் ஒன்று போடுங்கள், வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

நெடுவழி (ஸ்கார்பரோ) · அக்டோபர் 13

படம் போட்டிருக்கிறேன். பேட்டரி முனை, அதன் மேல் வாஷர், அதன் மேல் கேபிளின் வளையம், மேலே ஸ்பிரிங் வாஷர், போல்ட்.

மின்கம்பி (பிராம்ப்டன்) · அக்டோபர் 13

பிடித்தாயிற்று. அந்த முதல் வாஷரை எடுங்கள். செம்பு வளையம் பேட்டரி முனையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், நடுவில் எதுவும் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அங்கே 2 மில்லி ஓம் தடை இருந்தால் போதும், 138-ஐ 138-ஆல் பெருக்கி 0.002-ஆல் பெருக்குங்கள், 38 வாட். ஒரு சால்டரிங் அயர்னைப் பேட்டரி தலையில் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். ஃபியூஸுக்கு ஆம்பியர்தான் தெரியும், சூடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. பிஎம்எஸ்ஸுக்கும் தெரியாது. அதனால்தான் முதல் நாளே நட்டு, கம்பி என்று புலம்பினேன்.

முனையைத் துணியால் துடைத்து, வளையத்தை நேராக உட்காரவைத்து, பேட்டரித் தாளில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்குங்கள். கை உணர்வை நம்பாதீர்கள், அதிகம் முடுக்கினாலும் உள்ளே இருக்கும் மரை போய்விடும். பேனாவால் நட்டின் மேல் ஒரு கோடு போடுங்கள். 300 கிலோமீட்டர் குலுங்கிய பிறகு கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வெப்பமானி பளபளக்கும் உலோகத்தில் குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பிடியுங்கள். உண்மையில் 94-க்கு மேலேயே இருந்திருக்கும்.

சில்லறை (ஹூஸ்டன்) · அக்டோபர் 14

இதை வாசித்துவிட்டு என் டிரெய்லரைப் போய்ப் பார்த்தேன். எனக்கும் அதே வாஷர், அதே இடத்தில். ஃபியூஸ் ஆர்டர் போட்டுவிட்டேன். மேற்கொண்டு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தோசைக்கல் (ஆஸ்டின்) · அக்டோபர் 15

ஒரு சந்தேகம். பேட்டரிக்கு இவ்வளவு பாதுகாப்பு செய்துவிட்டு, பிள்ளைகளின் மின்சார சைக்கிளை எங்கே சார்ஜ் போடுகிறீர்கள்? எங்கள் முகாமில் பாதிப் பேர் டிரெய்லருக்குள், கதவுக்குப் பக்கத்தில், இரவு முழுக்கப் போட்டு வைக்கிறார்கள். அது எல்எஃப்பி அல்ல. நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையின் கணக்கில் 2023-இல் மட்டும் லித்தியம் பேட்டரியால் 268 தீ விபத்துகள், 18 பேர் இறந்தார்கள். அங்கே பெரும்பாலும் குற்றவாளி சைக்கிளும் ஸ்கூட்டரும்தான். கதவை மறித்து எரிவதால்தான் ஆட்கள் வெளியே வர முடியாமல் போகிறது. சைக்கிள் பேட்டரியை வெளியே, பகலில், கண்முன்னே சார்ஜ் போடுங்கள். யூஎல் என்னும் பாதுகாப்புச் சோதனை முத்திரை இல்லாததை வாங்கவே வேண்டாம்.

நெடுவழி (ஸ்கார்பரோ) · அக்டோபர் 15

சின்னவனுடைய சைக்கிள் வீட்டிலேயே நிற்கும். முகம் தொங்கிவிட்டது, பரவாயில்லை.

நெடுவழி (ஸ்கார்பரோ) · நவம்பர் 3

போய் வந்தோம். நேற்றுத்தான் திரும்பினோம்.

கிளம்பும்போது இரும்பு அண்ணை சொன்னபடி பின்னை இழுத்தேன், சக்கரம் பூட்டியது. 60-ஆம் நெடுஞ்சாலையில் இலை எல்லாம் விழுந்து முடிந்திருந்தது, ஆள் நடமாட்டம் குறைவு. போய் நின்றதும் முதல் வேலையாக நட்டுகளைப் பார்த்தேன். எட்டில் ஒரு கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தது. முடுக்கினேன்.

இரண்டாம் நாள் காலை வெளியே மைனஸ் 7. பெட்டிக்குள் சென்சார் 6 டிகிரி காட்டியது, ஹீட்டரின் காற்றுக்குழாய் அந்தப் படுக்கைக்குப் பக்கமாகப் போவதால். மூன்றாம் நாள் இரவு ஹீட்டரைக் குறைத்து வைத்துவிட்டேன். காலையில் பெட்டி 4 டிகிரி. எட்டே முக்காலுக்குக் கூரையில் வெயில், ஆனால் சோலார் ஆம்பியர் பூஜ்ஜியம். முதலில் கெட்டுவிட்டது என்று பயந்தேன். பிறகு போனில் பார்த்தால், குளிர் என்று சொல்லிக் கன்ட்ரோலர் தானே நிறுத்தி வைத்திருக்கிறது. பத்தரைக்கு 5 தாண்டியதும் தானே தொடங்கியது. சும்மா உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

கிளம்பும்போது ஷண்ட் 31 விழுக்காடு. முனைகள் இரண்டும் ரைஸ் குக்கர் ஓடும்போது 20-க்குள். மனைவி முதல் இரவு அந்தப் படுக்கையில் படுக்கவில்லை, என்னைத்தான் படுக்கவிட்டாள். இரண்டாம் இரவு தானே வந்துவிட்டாள்.

ஒரே குறை. அம்மா அரைத்துக் கொண்டுவந்த இட்லி மாவு குளிரில் புளிக்கவே இல்லை. பேட்டரிப் பெட்டிக்குள் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறதாமே, அடுத்த முறை மாவுச் சட்டியை அதற்குள் வைக்கலாமா என்று கேட்கிறார். நான் உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

மின்கம்பி (பிராம்ப்டன்) · நவம்பர் 3

வேண்டாம். 6 டிகிரியில் மாவு புளிக்காது. புளித்தால் இன்னும் மோசம், பொங்கி முனையில் வழியும்.

தோசைக்கல் (ஆஸ்டின்) · நவம்பர் 3

வெந்நீர்ப் பாட்டில் ஒன்றோடு ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம். நான் யோசெமிட்டியில் அப்படித்தான் செய்தேன்.

பழைய இரும்பு (கால்கரி) · நவம்பர் 4

அந்தப் பெட்டியின் அளவைக் கொஞ்சம் அனுப்புங்கள் தம்பி. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.